படுகை தெரியாமல் ஓட்டம் தெரியாது: செயற்கைக்கோள் கண்ணில் கங்கையும் பிரம்மபுத்திராவும்

செயற்கைக்கோள் எதுவும் ஆற்றின் ஓட்டத்தை அளப்பதில்லை. நீர்மட்டத்தின் உயரம், நீர்ப்பரப்பின் அகலம், அதன் சரிவு, இவ்வளவுதான் மேலேயிருந்து கிடைக்கும். வினாடிக்கு எத்தனை கனமீட்டர் தண்ணீர் போகிறது என்ற எண், இந்தத் தரவைத் தரைக்குக் கொண்டுவந்து ஒரு சூத்திரத்தில் போட்ட பிறகே வருகிறது. அந்தச் சூத்திரம் முதலில் கேட்பது, தண்ணீருக்கு அடியில் படுகை எங்கே இருக்கிறது என்பதை. வண்டல் கலங்கி ஓடும் ஆற்றில் அதை ரேடாரும் பார்க்காது, கேமராவும் பார்க்காது. வானிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடும் முறைகள் எல்லாமே இந்த ஒரு குறையை ஆளுக்கொரு வழியில் சமாளிப்பவை. எது எப்படிச் சமாளிக்கிறது, எங்கே சறுக்குகிறது என்று கங்கையையும் பிரம்மபுத்திராவையும் வைத்து எழுதுகிறேன்.

ஏன் இந்த இரண்டு ஆறுகள்? வங்கதேசத்தில் ஓடும் பெரிய ஆறுகளின் நீர்ப்பிடிப்புப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் அந்த நாட்டு எல்லைக்கு வெளியே, இந்தியா, நேபாளம், பூட்டான், சீனா ஆகிய நாடுகளில் கிடக்கிறது. மேலே கொட்டும் மழைதான் கீழே வெள்ளமாக வருகிறது. ஆனால் கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து வடிநிலங்களின் ஓட்டத் தரவை இந்தியா பொதுவில் வெளியிடுவதில்லை. அண்டை நாட்டுக்குத் தருவதும் ஒரு சில நிலையங்களின் விவரத்தைத்தான். இதைத் தவறு என்றுதான் சொல்வேன். வெள்ளத் தரவு ராணுவ ரகசியம் அல்ல, கீழே வாழ்கிறவர்களின் உயிர்ப் பிரச்சினை. செயற்கைக்கோளின் தடத்துக்கு எல்லைக்கோடு கிடையாது என்பதால், அந்த வடிநிலங்களில் இந்தத் தொழில்நுட்பம் வெறும் ஆராய்ச்சியாக நிற்காமல் வேலைக்கு இறங்கியது. இன்னொரு வசதியும் உண்டு. வங்கதேசத்துக்குள் கங்கைக்கு ஹார்டிஞ்ச் பாலத்திலும், ஜமுனா என்று அங்கே பெயர் மாறும் பிரம்மபுத்திராவுக்குப் பகதுராபாத்திலும் நீண்டகாலத் தரை அளவுகள் இருக்கின்றன. மேலேயிருந்து கணக்கிட்டதை ஒப்பிட்டுப் பார்க்க அவை கைகொடுக்கும்.

தரையில் எப்படி அளக்கிறார்கள்

இது தெரியாமல் வானத்துக்குப் போகக் கூடாது. ஆற்றின் குறுக்கே இருபது, இருபத்தைந்து செங்குத்துக் கோடுகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஆழத்தையும் வேகத்தையும் எடுப்பார்கள். ஆழம் குறைவான இடத்தில், மேலிருந்து ஆழத்தின் 0.6 பங்கில் ஒரே ஒரு வேக அளவு. ஆழமான இடத்தில் 0.2 பங்கிலும் 0.8 பங்கிலும் எடுத்துச் சராசரி. துண்டு துண்டாகப் பரப்பையும் வேகத்தையும் பெருக்கிக் கூட்டினால் மொத்த ஓட்டம். இப்போது பெரிய ஆறுகளில் படகில் கட்டிய, ஒலியலையை நீருக்குள் அனுப்பி ஆழத்தையும் வேகத்தையும் அளக்கும் ஒலி டாப்ளர் கருவி இந்த வேலையைக் கரைக்குக் கரை போய்வரும் நேரத்தில் முடித்துவிடும்.

ஆனால் தினமும் படகு போகாது. தினமும் கிடைப்பது கேஜில், அதாவது ஆற்றில் நட்ட அளவுகோலில், வாசிக்கும் நீர்மட்டம் மட்டும். வருடத்தில் சில தடவை அளந்த ஓட்டத்தையும் அன்றைய மட்டத்தையும் வரைபடத்தில் வைத்து ஒரு வளைவு போட்டு, அதற்குப் பிறகு மட்டத்திலிருந்தே ஓட்டத்தைப் படிப்பார்கள். இதுதான் ரேட்டிங் கர்வ். ஆகவே தரை நிலையம் தரும் 'தினசரி ஓட்டம்' என்பதும் பெரும்பாலும் கணக்கிட்ட எண்தான். உச்ச வெள்ளத்தன்று படகு இறங்க முடியாது. அன்றைய எண் வளைவை மேலே நீட்டிப் பெற்றது. செயற்கைக்கோள் எண்ணை அதோடு ஒப்பிட்டு வரும் வித்தியாசம் முழுவதையும் செயற்கைக்கோள் தலையில் கட்டுவது நியாயம் இல்லை.

பிழை எங்கிருந்து வருகிறது

ஆழம், சரிவு இவற்றிலிருந்து நீரின் வேகத்தைத் தரும் மேனிங் சூத்திரத்தைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்க்கலாம். அகலமான ஆற்றில் வேகம் என்பது ஆழத்தின் மூன்றில் இரண்டு அடுக்கு, பெருக்கல் சரிவின் வர்க்கமூலம், வகுத்தல் கரடுமுரடு எண் (படுகை நீரை எவ்வளவு உராய்ந்து தடுக்கிறது என்பதன் அளவு). ஒரு மாதிரிக் கணக்கு: அகலம் 1,500 மீட்டர், சராசரி ஆழம் 8 மீட்டர், கிலோமீட்டருக்கு 5 சென்டிமீட்டர் சரிவு, கரடுமுரடு எண் 0.025. வேகம் வினாடிக்கு 1.13 மீட்டர். ஓட்டம் சுமார் 13,600 கனமீட்டர். நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால் 4.8 லட்சம் கன அடி. ஒரு கனமீட்டர் 35.3 கன அடி.

இனி ஒவ்வொன்றாகத் தப்பாகப் போட்டுப் பாருங்கள். மட்டத்தில் 30 சென்டிமீட்டர் பிழை என்றால் ஓட்டத்தில் 6 சதவீதம் போகும். சரிவில் கிலோமீட்டருக்கு 1.7 சென்டிமீட்டர் பிழை, 16 முதல் 19 சதவீதம். கரடுமுரடு எண் 0.025க்குப் பதில் 0.030 என்று எடுத்தால் 17 சதவீதம் குறையும். சராசரி ஆழம் 8 மீட்டரா 10 மீட்டரா என்று தெரியாவிட்டால் 45 சதவீதம்.

இந்த நான்கு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால், புதிய செயற்கைக்கோள் பற்றிய செய்திக்குறிப்பு எதையும் நிதானமாகப் படிக்கலாம். மட்டத்தை 10 சென்டிமீட்டர் துல்லியத்தில் அளப்பது பெரிய சாதனைதான். ஆனால் ஓட்டத்தின் பிழை இருக்கும் இடம் அது இல்லை. அது படுகையில் கிடக்கிறது.

ரேடார் உயரமானி: பழைய வழி, இன்றும் நம்பகமான வழி

முதலில் வந்ததும், இன்றும் அதிகம் பயன்படுவதும் ரேடார் உயரமானி. செயற்கைக்கோள் நேர் கீழே ஒரு துடிப்பை அனுப்பும், எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கும், தன் சுற்றுப்பாதை உயரத்திலிருந்து அந்தத் தொலைவைக் கழிக்கும். கிடைப்பது நீர்ப்பரப்பின் உயரம். 1992இல் ஏவிய டோபெக்ஸ்–பொசைடன் கடலுக்காகச் செய்தது. அதன் தடம் ஆற்றைக் கடக்கும் இடங்களில் எதிரொலியை நோண்டியவர்கள்தான் இந்தத் துறையைத் தொடங்கிவைத்தார்கள். ஜேசன் வரிசை அதே தடத்தில் 10 நாளுக்கு ஒரு முறை வந்தது. அந்தத் தடத்தைப் பிறகு சென்டினல்-6 எடுத்துக்கொண்டது. என்விசாட்டும், 2013 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இந்திய–பிரெஞ்சு சரலும் 35 நாளுக்கு ஒரு முறை. சென்டினல்-3 இரட்டையர் 27 நாள். இதில் ஒரு பேரம் இருக்கிறது. அடிக்கடி வரும் கோளின் தடங்கள் நிலநடுக்கோட்டில் 315 கிலோமீட்டர் இடைவெளியில் கிடக்கும். 35 நாள் கோளின் தடங்கள் 80 கிலோமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக இருக்கும். அதிக இடங்களா, அதிக நாட்களா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

தடம் ஆற்றைக் கடக்கும் இடத்துக்கு 'மெய்நிகர் நிலையம்' என்று பெயர். ஹைட்ரோவெப், டாஹிட்டி போன்ற தளங்களில் ஆயத்தமான மட்டத் தொடர்கள் கிடைக்கின்றன. சொந்தமாகச் செய்ய வேண்டுமானால் வேலை இப்படிப் போகும். கோடைகால நீர்ப்பரப்பிலிருந்து, அதாவது ஆறு ஒடுங்கியிருக்கும்போது உள்ள எல்லையிலிருந்து, ஒரு பலகோணம் வரைந்துகொள்ளுங்கள். ஜேசனில் சுமார் 300 மீட்டருக்கு ஒன்று, சரலில் சுமார் 170 மீட்டருக்கு ஒன்று என்று வரும் புள்ளிகளில் பலகோணத்துக்குள் விழுவதை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு கடவையிலும், அதாவது கோள் ஆற்றைக் கடக்கும் ஒவ்வொரு முறையும், அவற்றின் இடைநிலை எண்தான் அன்றைய மட்டம். சராசரி எடுக்காதீர்கள், கரையிலிருந்து வந்த ஒரே ஒரு கெட்ட புள்ளி சராசரியை மீட்டர் கணக்கில் இழுத்துவிடும். ஒரே கடவையின் புள்ளிகளுக்குள் ஒரு மீட்டருக்கு மேல் சிதறல் இருந்தால் அந்த நாளையே விட்டுவிடுவது நல்லது.

எதிரொலியைப் படிப்பதில்தான் முதல் சிக்கல். ஜேசன் கருவி எதிரொலியை 47 சென்டிமீட்டர் கட்டங்களாகத்தான் பதிவு செய்யும். அதைவிட நுணுக்கமாகப் படிக்க எதிரொலி வளைவின் ஏறுமுகம் எங்கே என்று கணிக்கும் நிரல் வேண்டும். கடலுக்கென்று எழுதிய நிரல் ஆற்றில் வேலை செய்யாது. அலை குறைந்த ஆற்று நீர் கண்ணாடிபோல் திருப்பியடிப்பதால் எதிரொலி ஒரு கூர்முனையாக வரும், கடலின் மெதுவான சரிவு அதில் இருக்காது. தரவுக் கோப்பில் இரண்டு மூன்று விதமான தொலைவுகள் இருக்கும். ஆற்றுக்கு 'ஐஸ்-1' நிரலின் தொலைவை எடுங்கள்.

அடுத்தது சாய்வுப் பார்வை. கோள் ஆற்றுக்கு நேர் மேலே வருவதற்கு முன்பே அந்தப் பளபளப்பைப் பார்த்துவிடும். 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, 5 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நீரைப் பார்த்தால் தொலைவு சுமார் 11 மீட்டர் கூடுதலாக வரும். கருவி அதை நேர் கீழே இருப்பதாக நினைத்து, மட்டத்தை அத்தனை மீட்டர் கீழே காட்டும். தடத்தோடு புள்ளிகளை வரைந்தால் ஆற்றின் இருபுறமும் கீழ்நோக்கி வளையும் ஒரு பரவளையம் தெரியும். அதன் உச்சிதான் உண்மை மட்டம். இந்தப் பரவளையத்தைக் கண்ணால் ஒரு முறை பார்க்காமல் தரவை நம்பாதீர்கள்.

காற்று துடிப்பைத் தாமதப்படுத்துவதற்கான திருத்தங்களில் கவனம் வேண்டியது இரண்டு. காற்றின் ஈரப்பதத்துக்கான திருத்தத்தைக் கோளில் உள்ள ரேடியோமீட்டரிலிருந்து (நுண்ணலைக் கதிர்வீச்சை அளக்கும் கருவி) எடுத்தால் நிலம் கலந்து கெட்டுவிடும். வானிலை மாதிரியிலிருந்து எடுக்க வேண்டும். உலர்காற்றுத் திருத்தம் கடல் மட்டத்தில் 2.3 மீட்டர், திபெத்தில் 4,000 மீட்டர் உயரத்தில் சுமார் 1.4 மீட்டர். இடத்தின் உயரத்தைப் பார்க்காமல் கடல் மட்டத்துக்குப் போட்டால் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் நிலையான பிழை. ஒரே நிலையத்தில் ஏற்றஇறக்கத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இது பாதகம் செய்யாது. இரண்டு நிலையங்களுக்கு நடுவே சரிவு எடுக்கிறவரை இது கவிழ்த்துவிடும்.

மற்றொரு பொறி, நீள்கோளம், அதாவது உயரத்தை அளக்கத் தொடங்கும் அடிப்படையாக எடுக்கும் பூமியின் கணித வடிவம். டோபெக்ஸ்–ஜேசன் கோப்புகளின் நீள்கோளமும் பொதுவாகப் பயன்படும் டபிள்யூஜிஎஸ்-84ம் சுமார் 70 சென்டிமீட்டர் வேறுபடும். இரண்டு கோள்களின் தரவை ஒட்டும்போது திடீரென்று அதே அளவுக்கு ஆறு 'தாழ்ந்தால்' பருவமழையைக் குறை சொல்ல வேண்டாம். நீள்கோள வேறுபாடு ஏதும் இல்லை என்று உறுதியானாலும்கூட, ஒவ்வொரு கோளுக்கும் இடையே ஒரு நிலையான உயர வித்தியாசம் இருக்கும். ஒரே காலத்தில் பறந்த மாதங்களை வைத்து அதைக் கழித்த பிறகே தொடரை இணைக்க வேண்டும். சரல் 2016 ஜூலைக்குப் பிறகு பழைய தடத்தில் கட்டுப்பட்டு ஓடவில்லை, விலகத் தொடங்கியது. அதற்குப் பிந்திய தரவை அதே மெய்நிகர் நிலையத்தின் பெயரில் சேர்க்கக் கூடாது.

மட்டத்திலிருந்து ஓட்டத்துக்கு

இங்கே படுகைப் பிரச்சினையைத் தரைத் தரவு தீர்த்துக்கொடுக்கிறது. ஓட்டம் = அ × (மட்டம் − சுழி மட்டம்) அடுக்கு ஆ. சுழி மட்டம் என்பது ஓட்டம் நின்றுபோகும் உயரம். படுகை எங்கே என்ற கேள்விக்கு மறைமுகமான விடை அதில் ஒளிந்திருக்கிறது. ஹார்டிஞ்ச் பாலத்தில் அளந்த ஓட்டத்தையும், அருகிலுள்ள கடவையில் அதே நாள் எடுத்த மட்டத்தையும் சோடி சேர்த்து மூன்று எண்களையும் கண்டுபிடிக்க வேண்டும். சுழி மட்டத்தைக் கண்ட மிகக் குறைந்த மட்டத்துக்குச் சற்றுக் கீழே தொடங்கி, 10 சென்டிமீட்டர் படிகளில் பத்து மீட்டர் வரை இறக்கிக்கொண்டே போய், ஒவ்வொன்றுக்கும் மடக்கை எடுத்து நேர்கோடு பொருத்தி, பிழை குறைவானதை எடுப்பது எளிய முறை. அகலமான செவ்வக ஆற்றுக்கு அடுக்கு 1.67 பக்கம் வரும். கரை சாய்ந்திருந்தால் இன்னும் கூடும். 5 என்றோ 0.6 என்றோ வந்தால் கணினி ஒரு விடை தந்திருக்கிறது, ஆறு தரவில்லை. சுழி மட்டத்தைத் திரும்பப் பாருங்கள்.

எத்தனை சோடிகள் போதும்? 35 நாள் கோளில் வருடத்துக்கு 10 கடவை. அதில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மூன்று, நான்கு. ஐந்து வருடம் சேர்த்தால்தான் வெள்ளக்காலப் புள்ளிகள் இருபதைத் தொடும். வளைவின் மேல்பகுதி முழுவதும் அந்த இருபதின் மேல் நிற்கிறது. ஒரே காலத்துத் தரவு இல்லாமல் பழைய ஓட்டப் பதிவு மட்டும் இருந்தால், மட்டங்களையும் ஓட்டங்களையும் தனித்தனியாகச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, ஒரே சதமானத்தில் இருப்பதைச் சோடி சேர்க்கும் வழி ஒன்று உண்டு. இரண்டு காலத்திலும் ஆற்றின் குணம் மாறவில்லை என்றால்தான் அது செல்லும். நடுவில் மேலே அணையோ தடுப்பணையோ வந்திருந்தால் செல்லாது.

வளைவு சரியாக வந்தாலும் ஒரே மட்டத்துக்கு இரண்டு ஓட்டங்கள் உண்டு. வெள்ளம் ஏறும்போது நீர்ப்பரப்பின் சரிவு அதிகம், இறங்கும்போது குறைவு. அதே மட்டத்தில் ஏறும் நீர் அதிகமாகப் போகும். ஏறுமுகத்தையும் இறங்குமுகத்தையும் இரு நிறங்களில் குறித்தால் இது கண்ணில் படும். கூடுமுகங்களுக்கு அருகே இதைவிடத் தொல்லை. வங்கதேசத்தின் கோலந்தோ பக்கம் கங்கையும் ஜமுனாவும் கூடுகின்றன. ஒன்றில் வெள்ளம் நிற்கும்போது மற்றது பின்வாங்கித் தேங்கும், மட்டம் ஏறும், ஓட்டம் ஏறாது. மட்டத்தை மட்டும் நம்பும் எந்த முறையும் அங்கே ஏமாறும். சரிவும் தெரிந்தால்தான் பிடிபடும்.

பகதுராபாத்தில் ஆறு ஒன்றல்ல

ஹார்டிஞ்ச் பாலம் 1.8 கிலோமீட்டர் நீளம். வழிகாட்டுக் கரைகள் கங்கையை அங்கே கட்டிப்போட்டிருக்கின்றன. ஓட்டம் கூடினால் மட்டம் ஏறும், அகலம் பெரிதாக மாறாது. பகதுராபாத்தில் நேர்மாறு. அங்கே ஜமுனா பின்னலாகப் பிரிந்து, சர் என்று அவர்கள் அழைக்கும் மணல் தீவுகளுக்கு நடுவே பத்து கிலோமீட்டருக்கும் மேல் விரிந்து ஓடுகிறது. 1998 வெள்ளத்தில் அங்கே கணக்கிட்ட உச்சம் வினாடிக்கு ஒரு லட்சம் கனமீட்டரைத் தாண்டியது. ஒரு வருடம் முதன்மைக் கால்வாயாக இருந்தது அடுத்த வருடம் தூர்ந்துபோகும். சுழி மட்டமே இடம் மாறுகிற ஆற்றில் பழைய ரேட்டிங் கர்வை வைத்துக்கொண்டு பல வருடம் ஓட்ட முடியாது. ஒவ்வொரு பருவத்துக்கும் பிறகு சரிபார்க்க வேண்டும்.

அங்கே அகலம் பேசும். ஆனால் ஒரு கோட்டில் அகலத்தை அளந்தால் மணல் தீவு நகர்ந்ததையே ஓட்டம் மாறியதாக எடுத்துக்கொள்வோம். 20, 30 கிலோமீட்டர் நீளத் துண்டை எடுத்து, அதற்குள் இருக்கும் மொத்த நீர்ப்பரப்பை நீளத்தால் வகுங்கள். அந்தச் 'செயல் அகலம்'தான் நிலையானது. பருவமழைக் காலத்தில் சென்டினல்-2, லேண்ட்சாட் படங்கள் மேகத்தைத்தான் காட்டும் என்பதால் சென்டினல்-1 ரேடார் வேண்டும். எப்போதும் ஒரே சுற்றுத்தடத்தின் படங்களையே ஒப்பிடுங்கள், பார்வைக் கோணம் மாறினால் திரும்பிவரும் ரேடார் அலையின் செறிவும் மாறும். நீர்–நிலம் பிரிக்கும் வரம்பை முழுப் படத்துக்கும் போடாமல் ஆற்றைச் சுற்றியுள்ள பட்டையில் மட்டும் கணக்கிடுங்கள். அப்போதுதான் செறிவு வரைபடத்தில் இரண்டு மேடுகள் தெளிவாகப் பிரியும். காற்று பலமாக அடித்த நாளில் நீர் நிலம்போல் பளிச்சிடும். இதைவிட மோசமான ஏமாற்று, காய்ந்த வழுவழுப்பான மணல். ரேடாருக்கு அதுவும் நீரைப்போல் கருப்பாகவே தெரியும். மணல் தீவுகள் நிறைந்த ஜமுனாவில் கோடைகால அகலம் அநியாயத்துக்குக் கூடுதலாக வந்தால் இதுதான் காரணம். மேகமில்லாத கோடை நாளின் சென்டினல்-2 படத்தை எடுத்து, பச்சை அலைவரிசையையும் குறுஅலை அகச்சிவப்பையும் வைத்து நீர்க் குறியீடு கணக்கிட்டு, அதோடு ஒட்டிப் பார்த்துக் களைந்துவிடலாம்.

அகல முறையின் பலவீனத்தை ஒரு கணக்கு காட்டும். லியோபோல்டும் மேடாக்கும் 1953இல் கண்ட சராசரிப்படி, ஒரே இடத்தில் அகலம் ஓட்டத்தின் 0.26 அடுக்காகத்தான் வளரும். திருப்பிப் போட்டால், அகலத்தில் 5 சதவீதப் பிழை ஓட்டத்தில் 20 சதவீதம் ஆகிவிடும். பின்னல் ஆற்றில் அடுக்கு பெரிது, 0.5 என்று வைத்தால் பிழை 10 சதவீதத்தோடு நிற்கும். அதனால்தான் ஒரே முறையை எல்லா ஆற்றுக்கும் சுமத்தக் கூடாது என்கிறேன். கட்டுண்ட கங்கைக்கு உயரமும், அவிழ்ந்து கிடக்கும் ஜமுனாவுக்கு அகலமும் உயரமும் சேர்ந்தும் வேண்டும்.

தினசரி எண் வேண்டுமானால் நுண்ணலை ரேடியோமீட்டர்கள் இருக்கின்றன. 37 கிகாஹெர்ட்ஸில் ஈரமான இடம் குளிர்ந்ததாகத் தெரியும். எப்போதும் காய்ந்திருக்கும் ஒரு பிக்சலின் வெப்ப அளவை ஆற்றுப் பிக்சலின் அளவால் வகுத்தால் வரும் விகிதம் வெள்ளத்தோடு ஏறி இறங்கும். மேகம் தடையில்லை. ஆனால் பிக்சல் 10, 25 கிலோமீட்டர் அகலம். கரையோர வயலில் நிற்கும் மழைநீரையும் அது ஆறாகவே எண்ணும்.

ஸ்வாட்: சரிவையும் சேர்த்துப் பார்ப்பது

2022 டிசம்பர் 16இல் ஏவிய ஸ்வாட் என்ற செயற்கைக்கோள் இந்தத் துறையின் உண்மையான திருப்பம். 10 மீட்டர் கம்பத்தின் இரு முனைகளிலும் ஆண்டெனா வைத்து, 891 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இருபுறமும் 50 கிலோமீட்டர் அகலப் பட்டையாக நீர்ப்பரப்பைப் படம் எடுக்கிறது. 100 மீட்டர் அகல ஆறுவரை பார்ப்பது இலக்கு. 10 கிலோமீட்டர் நீளத் துண்டில் சரிவைக் கிலோமீட்டருக்கு 1.7 சென்டிமீட்டர் துல்லியத்தில் தர வேண்டும் என்பது அதற்கு வைத்த அளவுகோல். உயரம், அகலம், சரிவு மூன்றும் ஒரே கணத்தில் கிடைப்பது இதுதான் முதல் தடவை. கூடுமுகத்துத் தேக்கத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி இது. 21 நாள் சுற்றில் கங்கைச் சமவெளியின் ஓர் இடத்தை இரண்டு முறை அளவில்தான் பார்க்கும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆற்றுத் துண்டுகளுக்கான ஆயத்தக் கோப்பை நாசாவின் போடாக் களஞ்சியத்தில் கணக்குத் தொடங்கி இலவசமாக எடுக்கலாம். திறந்ததும் மைனஸ் 999999999999 என்ற எண்களை நீக்குங்கள், அவை விடுபட்ட அளவுகள். ஒவ்வொரு அளவின் தரத்தையும் சொல்லும் தரக்கொடி 0, 1 இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். 2ஐச் சந்தேகத்தோடு பாருங்கள், 3ஐ விடுங்கள். துண்டில் பாதிகூடப் பார்க்கப்படாத நாட்களை விடுங்கள். 'இருண்ட நீர்' விகிதத்தைத் தவறாமல் பாருங்கள். காற்றே இல்லாத நாளில் நீர் கண்ணாடியாகி ரேடாரை வேறு பக்கம் திருப்பிவிடும்; அப்போது அகலம் பழைய வரைபடத்திலிருந்து நிரப்பப்பட்டிருக்கும், அளக்கப்பட்டிருக்காது. கோள் மிகச் சிறிது உருண்டாலும் பட்டையின் ஓரத்தில் உயரம் மாறும். 60 கிலோமீட்டர் தூரத்தில் 10 சென்டிமீட்டர் பிழைக்கு ஒரு ரேடியனில் பத்து லட்சத்தில் 1.7 பங்கு உருளல் போதும். தடங்கள் குறுக்கிடும் இடங்களை வைத்து அதைத் திருத்துகிறார்கள். அந்தத் திருத்தத்தின் தரக்கொடி கெட்டிருந்தால் மட்டம் போகும், சரிவு ஓரளவு தப்பும்.

இவ்வளவுக்குப் பிறகும் படுகை மறைந்தேதான் இருக்கிறது. ஸ்வாட் பார்த்த மிகக் குறைந்த மட்டத்துக்கு மேலே குறுக்குவெட்டு எவ்வளவு வளர்ந்தது என்பது தெரியும். அந்த மட்டத்துக்குக் கீழே எப்போதும் நீருக்குள் கிடக்கும் பரப்பும், கரடுமுரடு எண்ணும் தெரியாதவை. மெட்ரோமேன், ஜியோபாம், சிக்4டிவார் முதலிய வழிமுறைகள், அடுத்தடுத்த துண்டுகளில் ஒரே நீர்தான் ஓடுகிறது என்ற கட்டுப்பாட்டையும் நீர்ச்சமநிலை மாதிரி தரும் முன்மதிப்பையும் வைத்து இந்த இரண்டையும் ஊகிக்கின்றன. முன்மதிப்பு பிசகினால் முழுத் தொடரும் அதே விகிதத்தில் மேலோ கீழோ நகரும். ஏறுகிறதா, இறங்குகிறதா, போன மாதத்தைவிட எத்தனை மடங்கு என்பதை நம்பலாம். எத்தனை கனமீட்டர் என்பதைத் தரையில் ஒரு தடவையாவது சரிபார்க்காமல் நம்பக் கூடாது.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

முன்னறிவிப்புக்கு நிச்சயம் உதவும். வெள்ள அலை நீரின் வேகத்தைவிடச் சுமார் 1.67 மடங்கு வேகத்தில் நகரும். மேலே போட்ட மாதிரிக் கணக்கின் வேகத்துக்கு நாளொன்றுக்கு 160 கிலோமீட்டர். கரை தாண்டிப் பரவினால் இன்னும் மெதுவாக. எனவே 500 கிலோமீட்டர் மேலே கோள் பார்த்த மட்டம் மூன்று நாள் முன்னறிவிப்பு. வங்கதேசத்தின் வெள்ள முன்னறிவிப்பு மையமும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஃபைசல் ஹொசைன் குழுவும் சேர்ந்து, இந்தியாவுக்குள் கங்கையையும் பிரம்மபுத்திராவையும் கடக்கும் ஜேசன்-2 தடங்களின் மட்டத்தைக் கொண்டு 8 நாள் முன்னறிவிப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இதற்கு ஓட்டத்தின் துல்லியம்கூட அவ்வளவு தேவையில்லை, மட்டம் ஏறும் போக்கு போதும். ஒரு குடும்பம் நெல்லையும் மாட்டையும் மேட்டுக்கு ஏற்ற அந்தக் கூடுதல் நாட்கள் எவ்வளவு பெரியவை என்பதை நினைத்தால், இந்தத் துறையில் செய்த எல்லா வேலைகளிலும் எனக்கு இதுவே மேலாகப் படுகிறது.

கோடைகாலப் பங்கீட்டுக்கு உதவுமா என்றால் இன்றைய நிலையில் உதவாது. இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையே 1996 டிசம்பரில் 30 ஆண்டுகளுக்குக் கையெழுத்தான கங்கை ஒப்பந்தப்படி, ஜனவரி முதல் மே வரை பத்து நாளுக்கு ஒரு முறை இந்தியாவின் ஃபராக்கா தடுப்பணையில் வரும் நீரைப் பார்த்துப் பங்கு பிரிக்கிறார்கள். 70,000 கன அடி வரை பாதிப் பாதி. 75,000க்கு மேல் போனால் இந்தியாவுக்கு 40,000, மீதி வங்கதேசத்துக்கு. 70,000 கன அடி என்பது 1,982 கனமீட்டர். அந்த அளவில் சராசரி ஆழம் 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வெள்ளத்தில் 6 சதவீதமாக இருந்த அதே 30 சென்டிமீட்டர் மட்டப் பிழை இப்போது 25 சதவீதம் ஆகிறது, அதாவது 17,500 கன அடி. இரண்டு நாடுகள் 5,000 கன அடிக்கு வரம்பு போட்டுப் பேசும் மேசையில் இந்த எண்ணை வைக்க முடியாது.

அந்த மேசைக்கு வரவேண்டுமானால் வழி மேலே இல்லை, கீழே இருக்கிறது. பருவமழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை, ஸ்வாட்டின் ஒரே துண்டுக்குள் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு என்று ஐந்தாறு இடத்தில் ஒலி டாப்ளர் படகை ஓட்ட வேண்டும். கோள் கடக்கும் அதே நாளில் ஓட்டினால் இன்னும் நல்லது. குறுக்குவெட்டு கையில் வந்ததும் மறைந்திருந்த பரப்பு தெரிந்துவிடும். அன்றைய ஓட்டமும் சரிவும் தெரிவதால் கரடுமுரடு எண்ணும் தானாகக் கிடைக்கும். இந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு வருடமும் புதுப்பித்து, குறுக்குவெட்டுகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டால், அதே துண்டைக் கோள் கடக்கும் மற்ற நாட்களின் எண்களை இரண்டு தரப்பும் தனித்தனியாகக் கணக்கிட்டுச் சரிபார்த்துக்கொள்ள முடியும்.